ஆயிரம் பீஸுக்கு ஆயிரம் மட்டுமா வெட்டுகிறீர்கள்?

கேள்வி:

எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். இங்கே சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. கணவர் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து ஜாப் ஒர்க் நிட்டிங் யூனிட் நடத்துகிறார். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதரை, பத்துக்குத்தான் வீடு திரும்புவார். மகள் நான்காம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அத்தைக்கு 68 வயது, முழங்கால் வலி. அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்கே போயிருக்க முடியாது.

போன வாரம் நடந்ததைச் சொன்னால்தான் என் நிலைமை புரியும். திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு ஸ்கூலில் இருந்து போன். தம்பிக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். ஜெர்மன் பையருக்கு ப்ரீ-புரொடக்ஷன் சாம்பிள் கூரியரில் போக வேண்டிய நாள் அது. பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். செவ்வாய் லீவு. புதன்கிழமை அவனை அத்தையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினால் வண்டி பங்க்சர். வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் அன்றைக்கு வரவில்லை. அந்த அவசரத்தில் மகளின் பேரண்ட்ஸ் மீட்டிங்கை அடியோடு மறந்துவிட்டேன். மற்ற அம்மாக்களெல்லாம் வந்திருந்தார்களாம். வியாழன் இரவு ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸப் குரூப்பில் ஒரு மெசேஜ்: நாளைக்கு பச்சை கலர் டிரஸ், ஒரு சார்ட் பேப்பர் கொண்டு வர வேண்டும். “இதைச் சாயங்காலமே சொல்ல வாய் இல்லையா உனக்கு?” என்று மகளைக் கத்தினேன். அவள் அழவில்லை. “நீ ஆபீஸ்ல இருக்கறவங்ககிட்ட மட்டும்தாம்மா நல்லா பேசுற” என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

கணவரைக் குறை சொல்ல மாட்டேன். எது சொன்னாலும் செய்வார். ஆனால் சொல்ல வேண்டும். கோபியில் இருக்கும் என் அம்மா, “வேலையை விட்டுரு கண்ணு, கொழந்தைங்களை விடவா காசு பெருசு?” என்கிறார். கணவரைக் கேட்டால் “உன் இஷ்டம்” என்கிறார். வீட்டுக்கடன் இன்னும் பாதி பாக்கி. சில நாள் சாயங்காலம் வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுது முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறேன். வேலையை விட்டுவிடுவதுதான் சரியா? நீங்களாவது ஒரு முடிவு சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

முடிவு கேட்டீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். விடவே கூடாது என்று சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு வாரத்தில், உங்களுக்கே வேறு ஏதாவது செய்யத் தோன்றி விட்டால் அது வேறு. ஒரு காய்ச்சல், ஒரு பங்க்சர், ஒரு மீட்டிங், ஒரு சார்ட் பேப்பர் ஆகிய நான்கும் சேர்ந்து உங்களை ராஜினாமா செய்ய வைக்கக்கூடாது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நேரம் போதவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதாகத்தான் முதலில் தோன்றியது. மறுபடி படித்தபோது வேறொன்று தெரிந்தது. எல்லாம் ஒழுங்காகப் போகும் வாரத்தில் உங்கள் வீடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அத்தை இருக்கிறார், வேலைக்கு அக்கா வருகிறார், ஸ்கூல் நடக்கிறது. ஏதாவது ஒன்று பிசகினால் மட்டும் மொத்தமும் சரிகிறது. சரிகிற ஒவ்வொரு முறையும் அது உங்கள் ஒருவர் தலையில்தான் வந்து விழுகிறது. ஸ்கூல் போன் உங்களுக்கு. செவ்வாய் லீவு உங்களுடையது. மீட்டிங்கை மறந்த பழியும் உங்களுடையதுதான். கணவருக்கும் அதே குழந்தைகள்தான், ஆனால் அந்த வாரத்தில் அவர் இருந்தாரா என்பதே கடிதத்தில் தெரியவில்லை.

உங்கள் தொழிலில் இருந்தே ஒரு கேள்வி. ஆயிரம் பீஸ் ஆர்டர் வந்தால் கட்டிங்கில் ஆயிரம் மட்டுமா வெட்டுகிறீர்கள்? ஓட்டை விழும், கறை படும், தையல் கோணும் என்று கொஞ்சம் கூடுதலாகத்தானே வெட்டுகிறீர்கள்? அதை யாரும் துரதிர்ஷ்டம் என்று சொல்வதில்லை. கணக்கு என்கிறார்கள். வீட்டில் மட்டும் ஆயிரத்துக்கு ஆயிரம் வெட்டிவிட்டு, ஒரு பீஸ் கெட்டால் நான் நல்ல அம்மா இல்லையோ என்று அழுகிறோம்.

காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்குப் போகத் தொடங்கிய சிறு குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி, காய்ச்சல் வருவது சாதாரணம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வார்கள். முதல் ஓரிரு வருடம் இன்னும் கூடவே வரும். ஒருவர் இருமினால் வகுப்பே இருமும். மகனுக்கு எட்டு, மகளுக்கு நான்கு என்று வைத்தால்கூட வருடத்துக்குப் பன்னிரண்டு. சராசரி மாதம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நாள் போனால் பதினெட்டு நாள். உங்கள் கேஷுவல் லீவு எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். ஆக, இது உங்கள் சாமர்த்தியத்தில் உள்ள குறை இல்லை. ஒருவர் லீவை மட்டும் வைத்து இரண்டு குழந்தைகளை நோயிலிருந்து தேற்ற முடியாது என்பது கூட்டல் கழித்தல் கணக்கு.

எனவே முதல் வேலை, நாளைக்கே செய்யக்கூடியது: பள்ளிக்குப் போய் அவசரத் தொடர்பு எண்களில் முதல் எண்ணாக உங்கள் கணவரின் எண்ணைக் கொடுங்கள். உங்கள் எண் இரண்டாவதாக இருக்கட்டும். அப்பாவின் எண்ணைக் கொடுத்தாலும் பள்ளிகள் பழக்கத்தில் அம்மாவைத்தான் அழைக்கும். அப்படி அழைத்தால், “அவங்க அப்பாவுக்குப் பண்ணுங்க, எடுப்பார்” என்று சொல்லிவிட்டு வையுங்கள். முதல் இரண்டு மூன்று முறை உங்களுக்கே உறுத்தும். இருக்கட்டும்.

சொந்தமாக யூனிட் வைத்திருப்பவருக்கு வேலை அதிகம் என்பது உண்மை. ஆனால் பகல் பதினொன்றரைக்கு இரண்டு மணி நேரம் வெளியே போக அவர் யாரிடமும் பர்மிஷன் கேட்க வேண்டியதில்லை. கூட்டாளி ஒருவரும் இருக்கிறார். நீங்கள் மேனேஜரிடம் கேட்க வேண்டும், பையருக்கு மெயில் போட வேண்டும், சாம்பிளை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். இதை இருவரும் இதுவரை பேசியே இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அநேக வீடுகளில் பேசுவதில்லை. அவருடைய வேலை ‘தொழில்’, உங்களுடையது ‘சம்பளத்துக்குப் போவது’ என்று எப்போதோ யாரோ தீர்மானித்து விட்டார்கள்.

பேசும்போது பொதுவாகப் பேசாதீர்கள். “நீங்க எதுவுமே செய்யறதில்ல” என்று ஆரம்பித்தால் அவர் செய்த மூன்று வேலைகளைப் பட்டியல் போடுவார், சண்டை அந்தப் பட்டியலைப் பற்றியதாக மாறிவிடும். தேதியை வைத்துப் பேசுங்கள். ஒற்றைப்படைத் தேதியில் எது பிசகினாலும் அவர் பொறுப்பு, இரட்டைப்படையில் நீங்கள். காய்ச்சலோ, வேன் வராததோ, கேஸ் தீர்ந்ததோ, எதுவானாலும். பைனல் இன்ஸ்பெக்ஷன், பையர் விசிட் இருக்கும் நாட்களை மாதத் தொடக்கத்திலேயே காலண்டரில் வட்டம் போட்டு அவருக்குக் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் அப்படி நாட்கள் இருக்கும், அவரும் வட்டம் போடட்டும். இதில் பெரிய புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் யார் போவது என்ற வாக்குவாதம் நடக்காமல் இருக்கும், அவ்வளவுதான். அந்த வாக்குவாதம்தான் பாதிக் களைப்பு.

‘எது சொன்னாலும் செய்வார். ஆனால் சொல்ல வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரியை எத்தனையோ பெண்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். பிரான்ஸில் எம்மா என்ற பெயரில் வரையும் ஓர் ஓவியர் 2017-இல் இதை வைத்து ஒரு படக்கதை வெளியிட்டு அது உலகம் முழுக்கச் சுற்றியது; ‘கேட்டிருந்தால் செய்திருப்பேனே’ என்ற கணவனின் பதில்தான் அதன் மையம். திருப்பூரானாலும் பாரிஸானாலும் அதே பேச்சுதான். ஒரு வேலையைச் செய்வது ஒன்று. அது இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, எப்போது, யார், எதைக் கொண்டு என்று யோசித்து, செய்தாயிற்றா என்று சரிபார்ப்பது மூன்று. அவர் ஒன்றைச் செய்கிறார். மூன்று உங்களிடமே இருக்கிறது.

அதனால் துண்டு துண்டாக வேலை சொல்வதை நிறுத்திவிட்டு, ஒரு துறையை முழுசாக ஒப்படையுங்கள். என் சிபாரிசு பள்ளிக்கூடம். வேன், ஃபீஸ், யூனிபார்ம், பேரண்ட்ஸ் மீட்டிங், அந்த வாட்ஸப் குரூப் உட்பட எல்லாம் அவரிடம் போகட்டும். குரூப்பில் அவரைச் சேர்த்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். ஆம், வெளியே. ‘மியூட்’ போட்டால் ஒரு நாளில் எடுத்துவிடுவீர்கள். அவர் ஒரு முறை மறப்பார். குழந்தை பச்சை டிரஸ்ஸுக்குப் பதில் நீல டிரஸ்ஸில் போகும். அதனால் யாருக்கும் எந்தக் கேடும் வந்ததில்லை. அன்றைக்கு நீங்கள் குறுக்கே புகுந்து சரிசெய்தால் மறுநாள் அந்தத் துறை மறுபடி உங்களிடமே வந்துவிடும்.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகக் கணக்கு வந்தது. 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 ஆகக் குறைந்திருந்தது. ஆண்களுக்கும் 88 ஆகக் குறைந்துவிட்டது! மிக்ஸியும் வாஷிங் மெஷினும் பெண்ணின் வேலையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆணின் பங்கை எந்த மெஷினும் கூட்டவில்லை.

இனி மகள் சொன்னது.

அந்த வார்த்தை உங்களைக் குத்தியிருக்கிறது, குத்தத்தான் செய்யும். ஆனால் அவள் என்ன சொன்னாள் என்று நிதானமாகப் பாருங்கள். ‘நீ என்னோடு இருப்பதே இல்லை’ என்று அவள் சொல்லவில்லை. பையரிடம் போனில் பேசும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறது, தன்னிடம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். குரலைப் பற்றிய புகார் அது. வேலையை விட்டால் தீரும் என்று நினைக்காதீர்கள். வேலையை விட்டுவிட்டு, கடன் கவலையோடு நாள் முழுக்க வீட்டில் இருக்கும் அம்மாவின் குரலும் அப்படித்தான் இருக்கும்.

மெலிசா மில்கி என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கக் குடும்பங்களின் தரவை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைகளின் நடத்தைக்கும், மனநலத்துக்கும், படிப்புக்கும், அம்மா அவர்களோடு எத்தனை மணி நேரம் கழித்தாள் என்பதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை. பதின்வயதினருக்கு, அம்மா அவர்களோடு சேர்ந்து எதையாவது செய்த நேரம் பயன் தந்ததும் அதில் தெரிந்தது. வேறு நாட்டுக் குடும்பங்கள்தான். அதை அப்படியே நம் மேல் ஒட்ட முடியாது. குழந்தைகளைக் கவனிக்காமல் விடலாம் என்று அதற்கு அர்த்தமும் இல்லை. ஆனால் மணிக்கணக்கை எண்ணி எண்ணிக் குமைவது வீண் என்பதற்கு அது போதும்.

உங்கள் சாயங்காலம் ஏன் கெடுகிறது என்பதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. உங்களுக்குப் பழகிப் போனதால் கண்ணில் படவில்லை. ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்பது நமக்குக் கோடையில் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அவர்கள் ஐந்து மணிக்கு ஆபீஸை மூடும்போது இங்கே இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. அதாவது உங்கள் குழந்தைகள் வீட்டில் விழித்திருக்கும் சாயங்காலம் முழுக்க பையரின் மும்முரமான பிற்பகல். மெயிலும் வாட்ஸப்பும் கொட்டுவது அந்த நேரத்தில்தான். திருப்பூரின் எந்த மெர்ச்சண்டைசருக்கும் இதிலிருந்து தப்பில்லை.

ஆனால் இதே கணக்கில் ஒரு வழியும் இருக்கிறது. ஆறரை முதல் எட்டு மணி வரை போனை அத்தையின் அறை அலமாரியில் வைத்துவிட்டு, எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து பதில் போட்டால்கூட ஜெர்மன்காரர் இன்னும் ஆபீஸில்தான் இருப்பார். ஒரு ஷிப்மென்ட்டும் நின்றுவிடாது. மேனேஜரிடம் இதை இரண்டு வரி மெயிலாகப் போட்டுவிடுங்கள்: இன்ன நேரம் எடுக்க மாட்டேன், இன்ன நேரத்துக்குள் எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிடும். மெயிலில் இருந்தால் அது ஏற்பாடு; வாயால் கேட்டால் அது சலுகை.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் விசேஷமாக எதுவும் செய்யத் தேவையில்லை. பட்டாணி உரிக்கலாம், ஹோம்ஒர்க் பார்க்கலாம், சும்மா உட்காரலாம். வாரக் கடைசியில் மாலுக்குப் போய் ஈடுகட்டுவது என்று ஒன்று இப்போது பரவியிருக்கிறது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கத்தியதற்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் கேளுங்கள். சுருக்கமாக: “அன்னைக்கு உன்மேல தப்பில்ல. நான்தான் கத்திட்டேன். மன்னிச்சுக்கோ.” அதோடு நிறுத்துங்கள். ‘அம்மாவுக்கு எவ்வளவு வேலை தெரியுமா’ என்று தொடர்ந்தால் மன்னிப்பு கேட்டது போய், அவள் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை வந்துவிடும். எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையில் நடப்பதைப் பல காலம் ஆராய்ந்தவர். நல்ல பாசமுள்ள தாயும் குழந்தையும்கூட பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை, விலகி விலகி மறுபடி சேர்கிறார்கள் என்பது அவர் கண்டது. அப்படி மறுபடி சேர்வதில்தான் குழந்தைக்குத் தெம்பு வருகிறது. ஒன்பது வயதுக்காரிக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம்.

காலை நேரம் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானே ஊகிக்கிறேன். அப்பா வரட்டும் என்று குழந்தைகள் இரவு பத்து வரை விழித்திருக்கிறார்கள், காலை ஆறரைக்கு எழுப்ப முடியவில்லை, அங்கேயே கத்தல் தொடங்குகிறது. சரியா? எல்.கே.ஜி. படிக்கும் குழந்தைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் மகள் வயதில் ஒன்பது முதல் பன்னிரண்டு. ஒன்பது மணிக்குள் படுக்க வையுங்கள். அப்பாவைப் பார்க்க வேண்டாமா என்றால், பார்க்கட்டும், காலையில். உங்கள் கணவர் ஒன்பதரை வரை வீட்டில்தானே இருக்கிறார்? குளிப்பாட்டி, ஊட்டி, வேன் ஏற்றிவிடுவது அவருடைய நேரமாக இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் பத்து நிமிடம் கொஞ்சுவதைவிட இது அவருக்கே நிறைவாக இருக்கும். மகளின் இரட்டை ஜடை கோணலாகத்தான் இருக்கும். அவளே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் உங்கள் வீட்டின் கடைசிக் கையிருப்பு. அன்றாடச் செலவுக்கு எடுக்கக் கூடாது. காய்ச்சல் அடித்துப் படுத்திருக்கும் பேரனோடு அரை நாள் உட்காருவார். காய்ச்சல் விட்டு ஓடத் தொடங்கியவன் பின்னால் அவரால் ஓட முடியாது. குழந்தையின் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூட குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றாலோ காத்திருக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மழைக்காலத்தில் இன்னொன்று: டெங்குவில் காய்ச்சல் குறையும்போதுதான் ஆபத்தான கட்டம் தொடங்கும். ‘சூடு விட்டுடுச்சு’ என்று நிம்மதியாகிவிடாமல் குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பெனி பக்கம் வருவோம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊர் ஏற்றுமதி கம்பெனிகள் சிலவற்றில் இந்த அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: சுவரில் மிக்கி மவுஸ், இரண்டு தொட்டில், கதவில் பூட்டு, பையரின் ஆடிட் வரும்போது மட்டும் சாவி வெளியே வரும். மெர்ச்சண்டைசராக இருப்பதால் ஆடிட்டில் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். காய்ச்சல் குழந்தையை அங்கே விட முடியாது. ஆனால் எல்.கே.ஜி. அரை நாளில் முடியும்போதும், ஸ்கூல் திடீர் லீவு விடும்போதும் அது உதவும். லைனில் தைக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்த அறை தேவை என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து எச்.ஆர்.-இடம் போய்க் கேட்டால் சாவி கிடைக்கும். உங்கள் ஆபீஸ் தொழிற்சாலை வளாகத்தில் சேராமல் தனியாக இயங்குவதாக இருந்தால், 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நோய்க்குப் பன்னிரண்டு நாளும், நியாயமான வேறு காரணங்களுக்குப் பன்னிரண்டு நாளும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதைவிட நியாயமான காரணம் வேறென்ன?

பணக் கணக்கும் ஒன்று. நான்கு வருடம் முடித்திருக்கிறீர்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து ஐந்து வருடம் வேலை செய்தால் கிராஜுவிட்டி கிடைக்கும். எந்த முடிவானாலும் அதைத் தாண்டி எடுங்கள்.

கடைசியாக, வண்டியை நிறுத்தி அழுவது. எப்போதாவது அழுதால் அது களைப்பு. வாரத்தில் பல நாள், இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், கூடவே தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பே இல்லை என்று தோன்றினால், அது களைப்பு மட்டும் இல்லை. 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநலச் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். திருப்பூர் அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவில் பார்க்கலாம். இதற்கு மட்டும் ஒற்றைப்படை, இரட்டைப்படைத் தேதி பார்க்க வேண்டாம்.

கேள்வி:

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். மனைவி நர்ஸ். அவருக்கு நைட் டியூட்டி வரும்போது மூன்று வயது மகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் மகளுக்கு வயிற்றுப்போக்கு என்று லீவு கேட்டேன். “வீட்ல லேடீஸ் யாரும் இல்லையா?” என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அதிலிருந்து எனக்கே தலைவலி, வண்டி ரிப்பேர் என்று பொய் சொல்லித்தான் லீவு எடுக்கிறேன். வேறு வழி இருக்கிறதா?

– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்:

மேனேஜர் கேட்டது தவறு. ஆனால் அந்தக் கேள்வி அவர் வாயில் மட்டும் முளைத்தது இல்லை. மத்திய அரசு ஊழியரான தந்தைக்குப் பிரசவத்தையொட்டி 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் தந்தைக்கு அப்படி ஒரு நாள்கூடத் தர வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. மத்திய அரசின் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள். அது பெண் ஊழியர்களுக்கும், துணை இல்லாமல் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் மட்டும்தான். மனைவி இருக்கும் ஆணுக்குக் குழந்தையைப் பார்க்கும் வேலை இருக்காது என்று சட்டம் எழுதியவர்களே நினைத்திருக்கிறார்கள், உங்கள் மேனேஜர் நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

பொய் சொல்லாதீர்கள். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் வண்டி ரிப்பேர் என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அந்தக் கம்பெனியின் ரெஜிஸ்டரில் குழந்தைக்காக லீவு எடுத்த ஆண் ஒருவர்கூட இல்லை என்றாகிறது. அடுத்த ஆண்டு லீவு விதிகளைப் பற்றிப் பேசும்போது அந்த ரெஜிஸ்டரைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். ‘மகளுக்கு உடல்நலமில்லை, மனைவி பணியில் இருக்கிறார்’ என்று எழுத்தில் கொடுங்கள். மேனேஜர் மறுபடி கேட்டால், “இருக்காங்க சார், ஆஸ்பத்திரில டியூட்டி பாக்கறாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். மனைவியின் டியூட்டி சார்ட் மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும் அல்லவா? அதை வைத்து உங்கள் ஷிப்டை முன்கூட்டியே மாற்றிக் கேளுங்கள். முன்னால் கேட்பவருக்குக் கொடுக்கும் தாராளம், காலை ஆறு மணிக்கு போன் செய்பவருக்குக் கிடைக்காது.

இன்னொன்று. நீங்கள் சூப்பர்வைசர், உங்கள் ஷிப்டில் இருப்பவர்களின் லீவு லெட்டரும் உங்கள் கையெழுத்துக்குத்தான் வரும். நாளைக்கு அவர்களில் ஒரு தகப்பன் பிள்ளைக்காக லீவு கேட்டு வந்து நின்றால், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடுங்கள்.